செக் இன்ஜின் விளக்கு எரிந்தால்: காரின் கணினி சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிய மூன்றாவது வாரம், செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஊர் திரும்பி ஒரு பணிமனையில் காட்டியபோது, அங்கிருந்தவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம், ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஆயிற்று. நான்காம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. அந்த ஸ்கேனர் திரையில் இருந்தது பி0171 என்ற குறியீடு. புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு எங்குமே சொல்லவில்லை என்பதும், சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அது பதிவாகியிருக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதிதாகக் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இதுதான். காரின் கணினிக்கு எந்தப் பாகமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பிகள் வழியாக வந்து சேரும் மின்னழுத்தங்களை மட்டுமே அது அறியும். எடுத்துக்காட்டாக, இன்ஜினின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் சென்சாரின் கம்பியை எலி கடித்து அறுத்துவிட்டால், கணினிக்கு வந்து சேரும் அளவு மைனஸ் 40 டிகிரி என்று ஆகிவிடும். மே மாதத்துச் சென்னையில் மைனஸ் 40 டிகிரிக்கு வாய்ப்பில்லை என்பதால் கணினி பி0118 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை எரிய விடுகிறது. சென்சார் பழுதாகியிருந்தாலும், கம்பி அறுந்திருந்தாலும், இணைப்பான் கழன்றிருந்தாலும், அதன் ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் குறியீடு ஒன்றுதான். ஆகவே குறியீட்டைப் படித்த கையோடு பொருளை மாற்றச் சொல்பவர், நான்கு காரணங்களில் ஒன்றை ஊகித்துச் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

நிறுத்துவதா, ஓட்டுவதா?

விளக்கு எரிந்ததும் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். சிவப்பு விளக்கு என்றால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். அதிலும் எண்ணெய்க் கிண்ணி வடிவத்தில் எரியும் ஆயில் அழுத்த விளக்குக்கும், வெப்பமானி வடிவத்தில் எரியும் சூட்டு விளக்குக்கும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே பேரிங்குகளைத் தின்றுவிடும். சூடேறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்து பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தோடு கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், பயணத்தை முடித்துக்கொண்டு ஓரிரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகிறது, அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்துவதே நல்லது. ஐந்நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பல்லாயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் முடிந்த வண்டிகள் உண்டு.

ஸ்பேனர் வடிவத்திலோ, சர்வீஸ் நெருங்கிவிட்டது என்ற சொற்களிலோ வருவது பழுதறிவிப்பு அன்று. அது கிலோமீட்டரையும் நாட்களையும் எண்ணி வரும் நினைவூட்டல் மட்டுமே.

வந்த செய்தியை அப்படியே பதிவுசெய்யுங்கள்

வண்டியை நிறுத்திய பிறகு, சாவியைத் திருப்பி அணைப்பதற்கு முன், டேஷ்போர்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் எழுத்தில் வரும் செய்தி சில நொடிகளில் மறைந்து விளக்கு மட்டுமே மிஞ்சும். பணிமனைக்குப் போய் "என்னமோ கண்ட்ரோல்னு வந்துச்சு" என்று சொன்னால் எவராலும் எதுவும் செய்ய இயலாது. விளக்கு எரிந்தபோது வண்டி எவ்வளவு வேகத்தில் போனது, இன்ஜின் சூடாகியிருந்ததா, மழையா, சற்று முன் தேங்கிய தண்ணீரைக் கடந்தீர்களா, அன்று பெட்ரோல் போட்டீர்களா, முதல் நாள் யாராவது பானட்டைத் திறந்து வேலை பார்த்தார்களா என்பவற்றையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் ஏர் ஃபில்டரை மாற்றிய மறுநாள் எரியும் விளக்குகளில் கணிசமானவை, சரியாகப் பொருத்தாத ஒரு ஹோஸாலோ மறந்துபோன ஓர் இணைப்பானாலோ வருபவை.

ஒரே நேரத்தில் பல விளக்குகள் எரிந்தால்

புதியவர்களை மிகவும் அச்சுறுத்துவது இந்த நிலைதான். ஏ.பி.எஸ்., சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு, சில வண்டிகளில் ஸ்டீயரிங் என்று நான்கைந்து செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, வண்டியே கையை விரித்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் இது பெரும்பாலும் நல்ல அறிகுறி. நான்கு அமைப்புகள் ஒரே நொடியில் தனித்தனியாகக் கெடுவது அரிது. நான்கும் நம்பியிருக்கும் பொதுவான ஒன்று கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படிப் பொதுவானவை இரண்டு. ஒன்று, சக்கர வேக சென்சார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் கட்டைவிரல் அளவில் இருக்கும் இச்சென்சாரின் தகவலைத்தான் ஏ.பி.எஸ். முதல் ஹில் ஹோல்டு வரை எல்லாம் பயன்படுத்துகின்றன. சேறோ தண்ணீரோ புகுந்தோ, கம்பி அறுந்தோ ஒரே ஒரு சக்கரத்தின் தகவல் நின்றுபோனால் அனைத்தும் விலகிக்கொண்டு ஆளுக்கொரு விளக்கை ஏற்றிவிடும். சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். மட்டும் இருக்காது என்பதால் முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

மற்றொன்று பேட்டரி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் தாழ்ந்தால், வண்டியில் உள்ள சிறு கணினிகள் ஒவ்வொன்றும் மற்றொன்றின் குரல் கேட்கவில்லை என்று புகார் எழுதி வைக்கும். இதைச் சோதிக்கப் பணிமனை தேவையில்லை. மின்சாதனக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் அளவில் வைத்து, இரவெல்லாம் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் தொட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி; 12-க்குக் கீழே என்றால் மற்ற ஆராய்ச்சிகளை ஒத்திவைத்துவிட்டு முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கணினியே கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் சில நேரம் இதைவிடக் குறைவாகக் காட்டலாம். ஒருமுறை பார்த்ததை வைத்து ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். முனைகளில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் கழற்றித் தேய்த்துத் துடைத்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

ஸ்கேனரைச் செருகுதல்

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 என்ற பொது முறை கட்டாயமாக்கப்பட்டது. வாகனப் புகையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கருவிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று காரே தன்னைச் சோதித்துச் சொல்ல வேண்டும், எந்தத் தயாரிப்பாளரின் காராக இருந்தாலும் ஒரே வகைக் கருவியால் அதைப் படிக்க முடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியாவில் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. எனவே அதற்குப் பின் இங்கே விற்கப்பட்ட கார் உங்களுடையது என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு ஊசித்துளைகள் கொண்ட சரிவக வடிவப் பொருத்துவாய் ஒன்று இருக்கும். சில கார்களில் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால்தான் கண்ணில் படும்.

இதில் செருகும் ஈ.எல்.எம்.327 வகை புளூடூத் கருவிகள் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக இணையக் கடைகளில் கிடைக்கின்றன. மிக மலிவான போலிகள் சில வண்டிகளோடு பேச மறுக்கும் என்பதால், வாங்கும்போது திருப்பித் தரும் வசதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் கைப்பேசிக்குப் பொருந்தும் வகைதானா என்பதையும் கேட்க வேண்டும். வண்டியை நிறுத்தி, கருவியைச் செருகி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, கைப்பேசியோடு இணைத்து, டார்க் (Torque) போன்ற ஒரு செயலியில் குறியீடுகளைப் படிக்கச் சொன்னால் போதும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பொருத்துவாயில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியை அது மெல்லக் குடித்துவிடும்.

இவ்வகை எளிய கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கணினியை மட்டுமே படிக்கும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் குறியீடுகளுக்குப் பணிமனையின் பெரிய ஸ்கேனர் வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிந்தால், சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் இணைப்பான்களை நீங்களாக ஆட்டிப் பார்க்கவே கூடாது.

குறியீட்டைப் பிரித்துப் படித்தல்

குறியீடு என்பது ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடரும் நான்கு இடங்களும் ஆகும். பவர்டிரெயின் என்பதன் பி இன்ஜினையும் கியரையும், பாடி என்பதன் பி கதவு, ஏர்பேக் முதலியவற்றையும், சேஸிஸ் என்பதன் சி பிரேக், ஸ்டீயரிங் முதலியவற்றையும், யூ கணினிகளுக்கு இடையிலான தொடர்பையும் குறிக்கும். தமிழில் எழுதும்போது முதலிரண்டும் ஒரே பி ஆகிவிடுவதால், இக்கட்டுரையில் வரும் பி அனைத்தும் இன்ஜின் வரிசை என்றே கொள்ளுங்கள்.

எழுத்தை அடுத்து வரும் இலக்கம் 0 என்றால் குறியீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொது. 1 என்றால் தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடு. இரண்டாம் வகையை இணையத்தில் தேடும்போது உங்கள் காரின் பெயரையும் சேர்க்காவிட்டால் வேறொரு நிறுவனத்தின் பொருளைப் படித்துக் குழம்ப நேரிடும். அதற்கடுத்த இலக்கம் துறையைச் சொல்லும்: 1, 2 என்றால் பெட்ரோல், காற்று அளவு, 3 என்றால் பற்றவைப்பு, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 5 என்றால் வேகமும் ஐட்லிங்கும் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை), 6 என்றால் கணினி, 7 முதல் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இடங்கள் குறிப்பிட்ட கோளாறைச் சொல்லும்.

குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற ஒரு பக்கமும் சேமிக்கப்பட்டிருக்கும். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் சுழற்சி, வேகம், கூலன்ட் வெப்பம், இன்ஜின் மீதிருந்த சுமை ஆகியவை எவ்வளவு என்று அது காட்டும். என் அனுபவத்தில் குறியீட்டைவிட இந்தப் பக்கம்தான் அதிகம் பேசுகிறது. ஆனாலும் பெரும்பாலோர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. பெண்டிங் என்ற தலைப்பில் வருபவை ஒருமுறை தென்பட்டு, இன்னும் உறுதியாகாதவை. புகை தொடர்பான பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகுதான் விளக்கை ஏற்றும். எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்ட பிறகே அழிக்கும் பொத்தானைப் பற்றி நினைக்க வேண்டும், ஏனெனில் அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

மூன்று குறியீடுகளை நெருங்கிப் பார்ப்போம்

முதலில் எளியது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். பி0302 இரண்டாவது சிலிண்டர், இப்படியே தொடரும். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் தனித்தனியாக உள்ள கார் என்றால், இன்ஜின் ஆறிய பிறகு, சாவியை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதன் காயிலை முதலாவதிலும் மாற்றிப் பொருத்துங்கள். குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்த்து, இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்திருக்கிறது, ஆக அந்தக் காயில்தான் கெட்டது. பி0301 அங்கேயே நின்றால் அடுத்து பிளக்கை இதே போல மாற்றிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல், ஊகமும் இல்லாமல் விடை கிடைக்கும் சோதனை இது.

பி0420 சற்று விலையுயர்ந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் நேர்ப்பொருள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஒன்றும் உண்டு. பழைய வகை முன் சென்சாரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறியிறங்கும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின் சென்சார் அலையாமல் அமைதியாக நிற்கும். பின்னது முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கணினி இக்குறியீட்டைப் பதிகிறது. ஆனால் சைலன்ஸர் குழாயில் சென்சாருக்கு அருகே ஓட்டை இருந்து காற்று உள்ளே போனாலும் இதே ஆட்டம் தெரியும். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, குழாய் இணைப்புகளில் 'டப் டப்' என்ற ஒலி வருகிறதா, கரி படிந்த தடம் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி என் காரின் பி0171. இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். சென்சார் மாற்றியும் விளக்கு திரும்பியபின், நண்பரின் ஸ்கேனரைக் கடன் வாங்கி ஃப்யூல் ட்ரிம் என்ற அளவைப் பார்த்தேன். கலவையைச் சமன்செய்யக் கணினி தானாகக் கூட்டியோ குறைத்தோ ஊற்றும் பெட்ரோலின் சதவீதம் அது. பத்துக்கு மேல் ஏறாமலும் மைனஸ் பத்துக்குக் கீழே இறங்காமலும் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐட்லிங்கில் நீண்டகால ட்ரிம் 22 சதவீதம். நிறுத்திய நிலையிலேயே ஆக்சிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் வைத்திருந்தபோது அது ஐந்துக்கு இறங்கியது. விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ஐட்லிங்கில் இன்ஜின் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான். சிறு வெடிப்பு வழியாக நுழையும் திருட்டுக் காற்று அதில் பெரும் பங்கு. சுழற்சி கூடி, உறிஞ்சும் காற்று பெருகியதும் அதே வெடிப்பு அற்பமாகிவிடுகிறது. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூட ட்ரிம் ஏறியிருந்தால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்றளவு சென்சாரின் அழுக்கைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

பானட்டைத் திறந்து இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விட்டேன். ஓடும் பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் கையையும் சட்டை நுனியையும் எட்ட வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தபோது, மெலிதாக ஒரு சீறல் கேட்டது. மெக்கானிக்குகள் "ஏர் இழுக்குது" என்பது இதைத்தான். இன்ஜின் மூடியிலிருந்து இன்டேக் பக்கம் போகும் விரல் தடிமனான ரப்பர் ஹோஸை இடுக்கியால் மெல்ல நெரித்ததும் சீறல் நின்று, இன்ஜினின் தாளமும் மாறியது. அணைத்துக் கழற்றிப் பார்த்தால் மேற்புறம் புதிதுபோல் இருந்தது. வளைத்தபோதுதான் அடிப்புறத்து வெடிப்பு மீன்வாய்போல் திறந்தது. புதிய ஹோஸும் இரண்டு க்ளிப்புகளும் நானூறு ரூபாய்க்குள் முடிந்தன. காற்றளவை நேராக அளக்கும் மாஃப் சென்சார் என் காரில் இருந்ததால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. காற்றழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் கொண்ட கார்களில் இதே வெடிப்பு, குறியீட்டுக்குப் பதிலாக ஐட்லிங்கை உயர்த்திக் காட்டக்கூடும்.

டீசல் கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல்

2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிந்தைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. கரி நிறைந்ததும் வண்டி ஓடும்போதே சூடேற்றி எரித்துவிடும். நெரிசலில் ஐந்து கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டிக்கு அதற்கான சூடும் நேரமும் கிடைப்பதில்லை. டி.பி.எஃப். விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்ன வேகத்தில், புறவழிச்சாலைபோன்ற இடத்தில் இருபது நிமிட அளவில் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியமாக விட்டால் வண்டி இழுவையைத் தானே குறைத்துக்கொண்டு, பணிமனைக்குத்தான் போக வேண்டிவரும்.

பணிமனையில் பேசுவதும், சரிபார்ப்பதும்

நீங்களே சரிசெய்ய முடியாத நிலையில் பணிமனைக்குப் போகும்போது, குறியீட்டின் பெயரை மட்டும் சொல்லாமல், எடுத்து வைத்த படங்களையும் குறிப்பையும் காட்டுங்கள். ஒரு பொருளை மாற்ற வேண்டும் என்று சொன்னால், "இது கெட்டிருக்குன்னு எந்த சோதனையில தெரிஞ்சுதுண்ணே?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இக்கேள்வியால் கோபப்படமாட்டார். மல்டிமீட்டரையோ ஸ்கேனரையோ எடுத்துக் காட்டிவிடுவார். கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள்.

விளக்கை அணைக்கப் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டும் பழைய வழக்கம் வேண்டாம். கணினி கற்று வைத்திருந்த ஐட்லிங் அளவுகள் உட்பட எல்லாம் அதில் அழியும். ஸ்கேனரால் அழித்தாலும், காரின் சுயசோதனைகள் அனைத்தும் முடியவில்லை என்ற நிலைக்குத் திரும்பி, சில நாள் ஓட்டிய பிறகே ஒவ்வொன்றாக முடியும். ரெடினஸ் என்ற பக்கத்தில் இதைப் பார்க்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இப்பக்கம் கைகொடுக்கும். பல சோதனைகள் முடியாமல் நிற்கும் வண்டியின் குறியீடுகளை யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். என் காரை வாங்கிய அன்று இதைப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழுது நீங்கிய பின் குறியீட்டை நீங்கள் அழிக்காவிட்டாலும், கோளாறு தென்படாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு பொதுவாகத் தானே அணையும். நினைவகத்திலிருந்து குறியீடு மறைய ஏறக்குறைய 40 முறை இன்ஜின் சூடாகி ஆற வேண்டும். நான் அழித்துவிட்டு, ஒரு வாரம் அலுவலகத்துக்கு ஓட்டிய பின் ஸ்கேனரை மீண்டும் செருகினேன். ரெடினஸில் எல்லாம் முடிந்திருந்தன, பெண்டிங் காலியாக இருந்தது, ஐட்லிங்கில் ட்ரிம் மூன்று சதவீதத்தில் நின்றது. அதன் பிறகே நண்பரின் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.